கபச் சுரப்பி என்னும் பெயரும் அதன் பணியும்

பெயரிலேயே ஒரு பிழையைச் சுமந்துகொண்டு வாழும் உறுப்பொன்று நம் உடலில் உண்டு. மேலை நாட்டார் அதனைப் பிட்யூட்டரி என்பர். இலங்கைத் தமிழ் நூல்கள் அதனைக் கபச் சுரப்பி என மொழிபெயர்த்து வழங்கின. தமிழ்நாட்டுப் பாடநூல்களோ பெரும்பாலும் பிட்யூட்டரி என்னும் ஒலிபெயர்ப்பையே கைக்கொண்டன. மொழிபெயர்ப்பாளர் மீது குற்றமில்லை. பிட்யூட்டா என்னும் இலத்தீன் சொல்லுக்குக் கோழை என்பதே பொருள். பிழை, மூலப் பெயரை இட்டவர்களைச் சார்ந்தது.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் கேலன், மூளையில் கழிவாகச் சேரும் கோழை இச்சுரப்பியின் வழியே வடிந்து மூக்கையும் தொண்டையையும் அடைகிறது என்று கருதினார். குருதி, கோழை, மஞ்சட்பித்தம், கரும்பித்தம் என நான்கு நீர்களின் சமநிலையே உடல்நலம் என்று கொண்ட மருத்துவம் அது. 1543ஆம் ஆண்டில் மனித உடற்கூற்றியலைப் புதுக்கி எழுதிய வெசாலியஸ், கேலனுடைய பிழைகள் பலவற்றைக் களைந்தவர். அவரும் இக்கொள்கையை மட்டும் அப்படியே ஏற்றுக்கொண்டார். பதினேழாம் நூற்றாண்டில் செருமானியராகிய சுனைடர், சளி என்பது மூக்கின் உட்சவ்விலேயே ஊறுவது என்று காட்டினார். ஆங்கிலேயராகிய ரிச்சர்ட் லோயர் 1672இல் மூளையிலிருந்து மூக்கிற்கு நீர் இறங்க வழியே இல்லை என்று நிறுவினார். ஆக, கோழைக்கும் இச்சுரப்பிக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்பது தெளிவாகி முந்நூற்றைம்பது ஆண்டுகள் கழிந்துவிட்டன. ஆயினும் பெயர் போகவில்லை.

தமிழாசிரியர்க்கு இதிலே மற்றுமோர் இடர்ப்பாடு உண்டு. நம் சித்த மருத்துவம் கூறும் வளி, அழல், ஐயம் என்னும் மூன்றனுள் ஐயமே கபம் எனப்படுவது. அது வெறுஞ் சளியைக் குறிப்பதன்று. உடலின் நிலைப்பாட்டையும் நெய்ப்பையும் காக்கும் ஓர் ஆற்றலாக அம்மருத்துவத்தார் அதனைக் கொள்வர். கபச் சுரப்பி என்று கரும்பலகையில் எழுதினால், ஒரு மாணவன் சளியை நினைப்பான்; பாட்டியிடம் கைமருந்து கேட்டு வளர்ந்த மற்றொருவன் சித்த மருத்துவத்தின் கபத்தை நினைப்பான். இருவர் நினைப்பதும் இவ்வுறுப்பன்று. ஆதலின் இக்கட்டுரையில் பிட்யூட்டரி என்றே எழுதுகிறேன். தனித்தமிழ் அன்பர்கள் பொறுத்தருள்க. ஆனால் ஹார்மோன் என்பதற்கு வழங்கும் இயக்குநீர் என்னும் ஆக்கத்தை விட எனக்கு மனமில்லை. 1905ஆம் ஆண்டில் ஆங்கில அறிஞர் ஸ்டார்லிங், தூண்டி எழுப்புதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து ஹார்மோன் என்ற பெயரை எடுத்து வழங்கினார். இயக்குநீர் என்பது அப்பொருளைச் சற்றும் பிறழாமல் தருகிறது.

இனி உறுப்பைக் காண்போம். இரு கண்களுக்கும் பின்னே, மூக்கின் அடிப்பகுதிக்கு நேர் உள்ளே, மண்டையோட்டின் அடித்தள எலும்பில் ஒரு சிறு பள்ளம் உண்டு. குதிரைச் சேணம் போன்ற வடிவுடைமையால் அதற்குத் துருக்கியச் சேணம் என்றே உடற்கூற்றியலார் பெயரிட்டனர். அச்சேணத்தின் மீது, மூளையின் அடியிலிருந்து இறங்கும் மெல்லிய காம்பொன்றில் தொங்கிக்கொண்டிருப்பதே பிட்யூட்டரி. அளவில் ஒரு பட்டாணி. எடையில் ஏறத்தாழ அரைக் கிராம். அதற்கு நேர் மேலே, இரு கண்களிலிருந்தும் வரும் பார்வை நரம்புகள் ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்கின்றன. இவ்வமைப்பை நினைவில் வைத்துக்கொள்க. பின்னர் வேண்டியிருக்கும்.

ஒன்றாகத் தோன்றும் இச்சுரப்பி உண்மையில் இரண்டு. ஒரே கூரையின் கீழ் இரு குடும்பங்கள் வாழும் தோட்டத்து லயம் போன்றது என்று என் மாணவர்க்குச் சொல்வதுண்டு. கருவில் குழந்தை உருவாகும்போது, வாயின் மேற்கூரையிலிருந்து ஒரு பை மேல்நோக்கி வளர்கிறது. மூளையின் அடியிலிருந்து ஒரு முளை கீழ்நோக்கி இறங்குகிறது. இரண்டும் சந்தித்து ஒட்டிக்கொள்கின்றன. வாயிலிருந்து வந்தது முன்மடல். மூளையிலிருந்து வந்தது பின்மடல். வாய்ப்பையின் இத்தோற்றத்தை 1838இல் ராத்கே என்பவர் விளக்கினார். பிறப்பு வேறாதலின் தொழிலும் வேறு. முன்மடல் தன் இயக்குநீர்களைத் தானே உண்டாக்கும். பின்மடலோ ஒரு பண்டசாலை மட்டுமே. மூளையின் அடிப்பகுதியாகிய ஹைப்போதலாமஸ் உண்டாக்கும் இரண்டு இயக்குநீர்கள், நரம்பிழைகளின் வழியே இறங்கி வந்து இங்கே தங்கியிருந்து, வேண்டுங்கால் குருதியில் கலக்கின்றன.

அவ்விரண்டனுள் ஒன்று நம் உடலின் நீரைக் காப்பது. சிறுநீரகங்கள் ஒரு நாளில் குருதியிலிருந்து வடிகட்டும் நீரின் அளவு ஏறத்தாழ 180 லிட்டர். அத்தனையும் வெளியேறினால் ஒரு பொழுதுகூடத் தாங்கமாட்டோம். வடிகட்டிய நீரில் பெரும்பகுதி மீண்டும் குருதிக்கே திரும்பிவிட, ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராகக் கழிகிறது. அவ்வாறு திரும்புவதில் இறுதிப் பங்கைக் கூட்டுவதும் குறைப்பதும் இந்த நீர்காக்கும் இயக்குநீரே. நண்பகல் வெயிலில் செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளிக்கு வியர்வையால் நீர் குறைகிறது. குருதியின் உப்புச் செறிவு நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு கூடியவுடனேயே ஹைப்போதலாமசிலுள்ள உணர்வணுக்கள் அதனை அறிகின்றன. உடனே தாகம் எழுகிறது. பின்மடலிலிருந்து இயக்குநீர் இறங்குகிறது. சிறுநீர் சுருங்கி மஞ்சளாகிறது. அவர் நீர் பருகியதும் செறிவு தணிய, இயக்குநீரும் அடங்குகிறது. சாராயச் சத்து இந்த இயக்குநீரை அடக்கிவிடும். குடித்தவர் அடிக்கடி வெளியே போய்வருவதும், மறுநாள் நாவறண்டு எழுவதும் இதனாலேயே. தாகத்திற்காகக் குடித்தேன் என்பவர், குடித்ததற்கும் மேலாக நீரை இழந்துவிட்டு வீடு சேர்கிறார்.

அடிபட்டோ கட்டியினாலோ இந்த இயக்குநீர் அற்றுப்போனால், ஒரு நாளைக்குப் பத்து லிட்டருக்கு மேலும் சிறுநீர் கழியும். நோயாளி இரவெல்லாம் குடத்தோடு உறவாடுவார். அச்சிறுநீரில் சர்க்கரை இராது. 1913ஆம் ஆண்டில் பின்மடலின் சாற்றை ஊசி வழியே செலுத்தி இந்நோயைத் தணிக்கலாம் என்று கண்டனர். இவ்விடத்தில் ஒரு சொல்லாராய்ச்சி. நீரிழிவு என்னும் நம் சொல்லுக்கு நீர் இழந்துபோதல் என்பது நேர்ப்பொருள். இன்று அச்சொல்லை நாம் சர்க்கரை நோய்க்கு உரியதாக்கிவிட்டோம். உண்மையில், சர்க்கரையே இன்றி நீர் மட்டும் இழியும் இந்நோய்க்கே அப்பெயர் முற்றும் பொருந்தும். ஆங்கிலத்திலும் இதே குழப்பம் இருந்தமையால், 2022ஆம் ஆண்டில் பன்னாட்டு மருத்துவ அமைப்புகள் கூடி இந்நோயின் பெயரையே மாற்றும்படி பரிந்துரைத்தன. பெயர்ப் பிழையை முந்நூறு ஆண்டு சுமக்க வேண்டியதில்லை என்பதற்கு இஃதொரு சான்று.

பின்மடலின் மற்றோர் இயக்குநீர் ஆக்சிடோசின். விரைந்த மகப்பேறு என்னும் பொருளுடைய கிரேக்கச் சொற்களால் ஆன பெயர் இது. பின்மடலின் சாறு கருப்பையைச் சுருங்கச் செய்கிறது என்பதை 1906இல் ஹென்றி டேல் கண்டறிந்தார். மகப்பேற்றின்போது கருப்பை சுருங்க, குழந்தையின் தலை வாயிலை அழுத்த, அவ்வழுத்தம் மேலும் ஆக்சிடோசினை அழைக்க, குழந்தை பிறக்கும் வரை வேகம் கூடிக்கொண்டே போகும். பிறந்தபின் பாலூட்டும்போதும் இதுவே மார்பிலுள்ள பாலை வெளியே தள்ளுகிறது. குழந்தை அழும் குரல் கேட்ட மாத்திரத்தில் தாயின் மார்பு நனைவது நாம் அறிந்ததே. காதில் விழுந்த ஒலி மூளை வழியே இயக்குநீராக மாறி மார்பை எட்டுகிறது. 1953இல் அமெரிக்க வேதியியலறிஞர் டு விக்னோ ஒன்பதே அமினோ அமிலங்களாலான இப்பொருளை ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டினார்; 1955ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். இன்று மருத்துவமனைகளில் குழந்தை பிறந்தவுடன் தாய்க்கு இடும் ஊசி பெரும்பாலும் இதுவே. கருப்பை இறுகிக் குருதிப்போக்கு நிற்பதற்காக அதனை இடுகின்றனர். அந்த ஊசி இல்லாத காலத்தில் நேர்ந்ததைப் பின்னர்க் கூறுவேன்.

முன்மடல் சுரப்பவை ஆறு. அவற்றின் ஆட்சி எத்தகையது என்பதை 1920களில் அமெரிக்கராகிய பிலிப் ஸ்மித் எலிகளைக் கொண்டு காட்டினார். மூளைக்குச் சேதமின்றிப் பிட்யூட்டரியை மட்டும் அகற்றும் நுட்பத்தை அவர் உருவாக்கினார். அகற்றப்பட்ட எலிகளின் வளர்ச்சி நின்றது, கழுத்திலுள்ள தைராய்டு சுருங்கியது, சிறுநீரகத்தின் மேலமர்ந்த அட்ரினல் சுரப்பியின் புறணி மெலிந்தது, பாலுறுப்புகள் குன்றின. பிற எலிகளின் பிட்யூட்டரித் திசுவை நாள்தோறும் உடலில் இட்டபோது இவை யாவும் மீண்டன. ஒரு துளி உறுப்பு போனதும் தொலைவிலுள்ள இத்தனை உறுப்புகளும் வாடுவதைக் கண்ட அறிஞர், இதனைச் சுரப்பிகளின் தலைவன் என்று போற்றலாயினர்.

வளர்ச்சி இயக்குநீரை முதலிற் கொள்வோம். அது பெரும்பாலும் இரவின் முதல் ஆழ்ந்த உறக்கத்தில் அலையலையாகச் சுரக்கிறது. ஈரலை அடைந்து வேறொரு வளர்ச்சிக் காரணியை உண்டாக்கி, எலும்பின் முனையருகிலுள்ள குருத்தைப் பெருகச் செய்கிறது. பருவமடைந்து சில ஆண்டுகளில் அக்குருத்து இறுகி எலும்பாகிவிடும். அதன்பின் உயரம் கூடாது. குருத்து மூடுமுன் இவ்வியக்குநீர் மிகுந்தால் அரக்க வளர்ச்சி. மூடியபின் மிகுந்தால் உயரத்திற்குப் பதிலாகக் கையும் காலும் தாடையும் மூக்கும் பருக்கும்; மோதிரம் விரலில் ஏறாது, சப்பாத்தின் அளவு ஆண்டுதோறும் கூடும். இவ்விரண்டாம் நிலையை 1886இல் பிரெஞ்சு மருத்துவர் பியேர் மாரி விளக்கினார். அமெரிக்காவின் ராபர்ட் வாட்லோ 272 செ.மீ. உயரம் வளர்ந்து, 1940இல் தம் இருபத்திரண்டாம் வயதில் இறந்தார்.

அவர்க்கு முன்னே வாழ்ந்த சார்லஸ் பர்ன் என்னும் அயர்லாந்துக்காரரின் கதை என் மனத்தை விட்டு அகலாதது. தம் உயரத்தைக் காசுக்குக் காட்டி இலண்டனில் பிழைத்தவர் அவர். 1783இல், அவரும் இருபத்திரண்டாம் வயதிலேயே இறந்தார். அறுவை மருத்துவர்கள் தம் உடலுக்குக் காத்திருப்பதை அறிந்து, கடலில் அடக்கம் செய்யுமாறு வேண்டியிருந்தார். ஆயினும் ஜான் ஹன்டர் என்னும் பெயர்பெற்ற மருத்துவர் உடலைக் கைப்பற்றி, எலும்புக்கூட்டைத் தம் காட்சிச்சாலையில் நிறுத்தினார். 1909இல் ஹார்வி குஷிங் அந்த மண்டையோட்டைத் திறந்து பார்த்துச் சேணப்பள்ளம் பெருத்திருப்பதைக் கண்டார். பிட்யூட்டரிக் கட்டியே அரக்க வளர்ச்சிக்குக் காரணம் என்பதற்கு அது சான்றாயிற்று. 2011இல் அவர் பற்களிலிருந்து எடுத்த மரபணுவை ஆராய்ந்தபோது, வட அயர்லாந்தில் இன்றும் வாழும் சில குடும்பங்களில் காணப்படும் அதே மரபணு மாற்றம் அவரிடமும் இருந்தது தெரியவந்தது. அறிவியலுக்கு அவர் எலும்பு உதவியது உண்மைதான். அவர் அதற்கு இசையவில்லை என்பதும் உண்மை. 2023இல் அந்த அருங்காட்சியகம் மீண்டும் திறக்கப்பட்டபோது அவருடைய எலும்புக்கூட்டைக் காட்சிக்கு வைக்கவில்லை.

மிகுதியைவிடக் குறைவே ஆசிரியர்களாகிய நம் கண்ணில் படக்கூடியது. நான்கு வயதிலிருந்து பருவமடையும் வரை ஒரு பிள்ளை ஆண்டுக்கு ஏறத்தாழ 5 முதல் 6 செ.மீ. வளர வேண்டும். குட்டையாக இருப்பதனாலேயே பிள்ளைக்கு நோய் என்று கொள்ளலாகாது. பெற்றோர் குட்டையாக இருக்கலாம். பருவம் சற்றுப் பிந்தி வருவதாக இருக்கலாம். நம் நாட்டில் ஊட்டக்குறைவே பெரிய காரணம். 2019ஆம் ஆண்டின் தேசிய நலக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட மலேசியக் குழந்தைகளுள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். ஆகவே உயரத்தை ஒருமுறை அளப்பதில் பயனில்லை; ஆண்டுதோறும் அளந்து எவ்வளவு கூடியது என்று பார்ப்பதிலேயே பயன் உண்டு. எங்கள் பள்ளிப் பதிவேட்டில் ஒரு சிறுவனின் உயரம் இரண்டு ஆண்டுகளில் 4 செ.மீ. கூடக் கூடவில்லை. தந்தையை அழைத்துச் சொன்னபோது, “எங்க குடும்பமே குட்டைதாங்க சார், அதுக்கென்ன செய்யறது?” என்றார். குட்டையான குடும்பத்துப் பிள்ளையும் ஆண்டுக்கு ஐந்து செ.மீ. வளரத்தான் செய்யும் என்று பதிவேட்டைக் காட்டி விளக்கியபின், பெரிய மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். வளர்ச்சி இயக்குநீர்க் குறைவு என்று கண்டு, ஊசி தொடங்கினார்கள். குருத்து மூடியபின் கண்டிருந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

அந்த ஊசிக்கும் ஒரு வரலாறு உண்டு. மாட்டின் வளர்ச்சி இயக்குநீர் மனிதனிடம் வேலை செய்யாது. ஆதலின் 1958 முதல், இறந்தோர் உடலிலிருந்து எடுத்த பிட்யூட்டரிகளைச் சேர்த்துச் சாறெடுத்து ஊசியாக்கினர். 1985இல், அவ்வூசி பெற்றுப் பல ஆண்டுகள் கழிந்த இளைஞர் சிலர், மூளையை அழிக்கும் கொடிய நோயொன்றால் இறந்தது தெரியவந்தது. நோயுற்ற சில பிணங்களின் சுரப்பியிலிருந்து தொற்று பரவியிருந்தது. உடனே அம்மருந்து நிறுத்தப்பட்டது. எனினும் நோய் வெளிப்பட நெடுங்காலம் பிடிப்பதால், பின்வந்த ஆண்டுகளில் உலகெங்கும் இருநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதே 1985ஆம் ஆண்டில், மரபணு மாற்றிய நுண்ணுயிரியைக் கொண்டு செய்த வளர்ச்சி இயக்குநீருக்கு அமெரிக்க அரசு ஒப்புதல் தந்தது. இன்று பிள்ளைகள் பெறுவது இத்தகைய செயற்கை மருந்தே. பிணத்தின் சுரப்பிக்கு அதில் வேலையில்லை.

இனி, தலைவன் என்று போற்றிய பட்டத்தைச் சற்றுச் சோதிப்போம். தலைவனுக்கு ஆணையிடுவது யார்? முன்மடலுக்கு மூளையிலிருந்து நரம்புத் தொடர்பு ஏறக்குறைய இல்லை. ஆனால் காம்பின் வழியே நுண்ணிய குருதிக்குழாய்கள் இறங்குகின்றன. ஹைப்போதலாமஸ் அக்குழாய்களில் சில துளி இயக்குநீரை விட்டு முன்மடலை ஆள்கிறது என்று ஆங்கில அறிஞர் ஜெஃப்ரி ஹாரிஸ் கூறினார். பிட்யூட்டரியை எடுத்து ஹைப்போதலாமசின் அடியிலேயே மீண்டும் பொருத்தினால் அது உயிர்பெற்று வேலை செய்தது. மூளையின் வேறொரு பகுதிக்குக் கீழே பொருத்தினால் வாளா கிடந்தது. அவரும் டோரா யாக்கப்சனும் 1952இல் வெளியிட்ட சோதனை இது. ஆனால் அந்தத் துளிப்பொருளைக் கையில் பிடித்துக் காட்டவேண்டுமே! கில்லெமின், ஷாலி என்னும் இருவர் போட்டியிட்டுக்கொண்டு, ஒருவர் இலட்சக்கணக்கான ஆடுகளின் மூளைத் துணுக்குகளையும் மற்றவர் பன்றிகளின் துணுக்குகளையும் அரைத்து வடித்தனர். 1969இல் முதற்பொருளின் அமைப்பு தெளிவாயிற்று. 1977இல் இருவரும் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். ஆக, பிட்யூட்டரி தலைவனன்று. மேலிடத்து ஆணையைக் கீழே நிறைவேற்றும் மண்டோர் என்று தோட்டத்து மொழியில் சொல்லலாம்.

மண்டோருக்குக் கீழிருந்தும் செய்தி வந்துகொண்டேயிருக்கும். இதனைத் தைராய்டு வழியாக விளக்குவது எளிது. பிட்யூட்டரி, தைராய்டு தூண்டும் இயக்குநீரைச் சுரக்கிறது. தைராய்டு அதனால் தூண்டப்பட்டு, அயோடினைக் கொண்டு தைராக்சினை ஆக்குகிறது. தைராக்சின் உடலெங்கும் சென்று வெப்பத்தையும் வேகத்தையும் காக்கிறது. குருதியில் அது போதிய அளவு கூடியதும் பிட்யூட்டரியை அடக்குகிறது. குறைந்தால் பிட்யூட்டரி மீண்டும் குரலெழுப்புகிறது. உணவில் அயோடினே இல்லையென்றால் என்னாகும்? தைராக்சின் உண்டாகாது. பிட்யூட்டரி ஓயாது தூண்டும். தூண்டத் தூண்டத் தைராய்டு வீங்கும். சரவாக்கின் உட்பகுதி மக்களிடம் மிகுதியாகக் காணப்பட்ட முன்கழுத்துக் கழலை இவ்வாறு எழுந்ததே. கழலை கழுத்தில் இருந்தாலும் அதனை வளர்த்தது தலைக்குள் இருக்கும் பட்டாணி.

குருதிச் சோதனைத் தாளை எடுத்துக்கொண்டு வந்து, “சார், டி.எஸ்.எச். அதிகமாம், எனக்குத் தைராய்டு கூடிப்போச்சு” என்று அஞ்சுவோர் பலர். அது தலைகீழான பொருள். டி.எஸ்.எச். என்பது தைராய்டின் நீரன்று, பிட்யூட்டரியின் குரல். குரல் உயர்ந்திருக்கிறது என்றால், கீழே வேலை நடக்கவில்லை, தைராய்டு குன்றியிருக்கிறது என்பதே பெரும்பாலும் பொருள். நம் மருத்துவமனைகளில் பிறந்த குழந்தையின் தொப்புள்கொடிக் குருதியில் இதனையே அளக்கின்றனர். தைராய்டு இன்றிப் பிறந்த குழந்தையை அக்குரலைக் கொண்டு கண்டுபிடித்து, முதல் சில வாரங்களுக்குள் தைராக்சின் கொடுத்தால், அதன் அறிவு வளர்ச்சி காக்கப்படும். விட்டுவிட்டால் இழந்த அறிவை எப்பள்ளிக்கூடமும் மீட்டுத் தராது.

அட்ரினல் சுரப்பியும் இம்முறையிலேயே ஆளப்படுகிறது. பிட்யூட்டரியின் தூண்டுதலால் அது கார்ட்டிசால் என்னும் இயக்குநீரைத் தருகிறது. கார்ட்டிசால் விடியலில் உச்சத்தை அடைந்து நள்ளிரவில் மிகத் தாழ்கிறது. பெரட்டுக்கு மணி அடிக்குமுன்னரே உடல் தன்னை எழுப்பிக்கொள்வது இதனாலே. காய்ச்சல், அடி, அறுவை முதலிய இடர்களில் இது பன்மடங்கு சுரந்து உயிரைத் தாங்குகிறது.

இங்கே நம்மவர் பலர் அறியாமலே ஆபத்தில் கால்வைக்கின்றனர். மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் சந்தையில் விற்கும் சில பொடிகளும் உருண்டைகளும் உண்ட அன்றே வலியை நீக்கும். பசி எடுக்கும், முகம் உருண்டு வரும், “உடம்பு தேறிவிட்டது” என்று வீட்டார் மகிழ்வர். மரபு மருந்து என்ற பெயரில் விற்கும் இத்தகைய பொருள்கள் பலவற்றில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்து கள்ளத்தனமாகக் கலந்திருப்பதைக் கண்டு நம் நலத்துறை பலமுறை எச்சரித்துள்ளது. ஸ்டீராய்டு என்பது கார்ட்டிசாலின் உறவு. வெளியிலிருந்து அது நாள்தோறும் வந்துகொண்டிருந்தால், குருதியில் கார்ட்டிசால் நிறைந்திருப்பதாகவே பிட்யூட்டரி எண்ணித் தூண்டுதலை நிறுத்திவிடும். தூண்டுவாரற்ற அட்ரினல் மெலிந்து உறங்கிவிடும். பின்னர் ஒருநாள் பொடி தீர்ந்துபோகிறது. அல்லது யாரோ எச்சரித்ததும் அஞ்சிச் சட்டென்று நிறுத்துகிறார். உறங்கும் சுரப்பி விழித்தெழப் பல வாரங்கள், சிலர்க்குப் பல மாதங்கள் ஆகும். அதற்கிடையே ஒரு காய்ச்சல் வந்தால் வாந்தியும் தளர்ச்சியும் கண்டு, குருதியழுத்தம் வீழ்ந்து, உயிருக்கே முடிவாகலாம். ஆகவே அத்தகைய பொடியை நெடுநாள் உண்டவர் தாமாக நிறுத்தலாகாது; தொடரவும் ஆகாது. பொட்டலத்தோடு மருத்துவரிடம் சென்று, அவர் சொற்படி சிறிது சிறிதாகக் குறைத்தல் வேண்டும். மருத்துவர் எழுதிக்கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரைக்கும் இஃதே விதி.

பாலுறுப்புகளை ஆளும் இரண்டு இயக்குநீர்கள் பத்துப் பன்னிரண்டு வயதளவில் விழித்தெழுந்து சிறுவனை இளைஞனாகவும் சிறுமியை மங்கையாகவும் ஆக்குகின்றன. பாலூறச் செய்யும் புரோலாக்டின் ஆறாவது. மற்ற ஐந்தனையும் ஹைப்போதலாமஸ் தூண்டி நடத்த, இதனை மட்டும் பெரும்பாலும் அடக்கியே ஆள்கிறது என்பது ஒரு புதுமை.

பிட்யூட்டரியில் கட்டி தோன்றினால் இவற்றுள் ஏதேனுமொன்று மிகும், அல்லது நசுங்கிக் குறையும். கட்டி மேல்நோக்கி வளர்ந்தால், முன்னர்க் கூறிய பார்வை நரம்புகளின் குறுக்கீட்டை அழுத்தும். அப்போது நேர்ப்பார்வை கெடாது; இரு பக்கங்களிலும் ஓரப்பார்வை மட்டும் மறையும். அவர் எழுத்தை நன்கு படிப்பார். ஆனால் கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வார், மோட்டார் ஓட்டும்போது பக்கத்தில் வரும் வண்டியைக் காணமாட்டார். இத்தகைய கட்டிகள் பெரும்பாலும் புற்றல்ல. அறுவை மருத்துவர் மண்டையைத் திறவாமல் மூக்கின் வழியே சென்று அவற்றை எடுக்கின்றனர். ஆஸ்திரிய மருத்துவர் ஷ்லோஃபர் 1907இல் முதன்முதல் மூக்குவழி சென்றார். கேலன் கோழை இறங்குவதாகக் கண்ட வழியில் மருத்துவன் ஏறிச்செல்வது வியப்பன்றோ!

ஊசியில்லாக் காலத்தின் செய்தியைக் கூறுவதாகச் சொல்லியிருந்தேன். கருவுற்ற பெண்ணின் பிட்யூட்டரி இயல்பாகவே பருக்கிறது. பருத்த சுரப்பிக்குக் குருதி மிகுதியாக வேண்டும். மகப்பேற்றில் பெருங் குருதிப்போக்கு நேர்ந்து அழுத்தம் வீழ்ந்தால், முன்மடல் குருதியின்றிச் செத்துவிடுகிறது. தாய் பிழைத்துக்கொள்வாள், ஆனால் அன்று முதல் அவள் பழைய பெண்ணல்லள். பால் சுரக்காது. மாதவிலக்குத் திரும்பாது. அக்குள் மயிர் உதிரும், மேனி வெளிறும், குளிர் தாங்காது, எழுந்து நடமாட மனமிராது. 1937ஆம் ஆண்டில் ஆங்கில மருத்துவர் ஷீஹன் இந்நோயை விளக்கியமையால் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

என் இளமையில் எங்கள் லயத்தில் ஓர் அம்மையார் இருந்தார். பிள்ளைப்பேற்றில் பாயெல்லாம் குருதியாகிப் பிழைத்தவர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். வெயிலிலும் போர்வையோடு வாசலில் அமர்ந்திருப்பார். சோம்பேறி என்றனர் சிலர். பேறுகாலத்தில் காற்று அண்டிவிட்டது என்று பூசாரியை அழைத்தனர் சிலர். பால் இல்லாதவள் என்ற ஏச்சை மாமியார் வாயால் நானே கேட்டிருக்கிறேன். ஒரு சாதாரணக் காய்ச்சலில், இரண்டே நாளில் இறந்துபோனார். ஷீஹன் எழுதியவற்றைப் படிக்கும்போதெல்லாம் அவருடைய முகமே எனக்கு நினைவுக்கு வருகிறது. ஒவ்வொரு குறியும் அவருக்குப் பொருந்துகிறது, அந்தக் காய்ச்சல் உட்பட.

மருத்துவமனைப் பேறும் குருதிக்கொடையும் ஆக்சிடோசினும் வந்தபின் நம் நாட்டில் இந்நோய் அரிதாயிற்று, ஒழிந்துவிடவில்லை. பிள்ளை பெற்றபோது மிகுந்த குருதி இழந்த பெண், பால் சுரக்காமலும் மாதவிலக்குத் திரும்பாமலும் ஓயாச் சோர்வோடும் இருந்தால், மருத்துவரிடம் அந்தக் குருதிப்போக்கை மறவாமல் சொல்லவேண்டும். அது பத்து ஆண்டுகளுக்கு முன் நடந்ததாயினும் சொல்லவேண்டும். நோய் அத்தனை மெல்ல வெளிப்படுவது உண்டு. அவருக்கு டி.எஸ்.எச். அளவை மட்டும் பார்த்தால், பிட்யூட்டரியின் குரலே அற்றுப்போனமையால், அது உயராமல் இயல்பானது போலத் தோன்றி ஏமாற்றும். தைராக்சினையும் கார்ட்டிசாலையும் நேராக அளந்தாலே உண்மை புலப்படும். குறைந்தவற்றை மாத்திரையால் ஈடுசெய்யலாம். அதிலும் கார்ட்டிசாலை முதலிற் கொடுத்துவிட்டுத்தான் தைராக்சினைத் தொடங்குவர். முறை மாறினால், தைராக்சின் உடலின் வேகத்தைக் கூட்டி, எஞ்சியிருக்கும் சிறிதளவு கார்ட்டிசாலையும் தீர்த்துவிடும்.